சாதோக் உரக்கப் படித்த வரி

லித்தா
இய்யார் மாதம் 3

தம்பி யாக்கீமுக்கு அக்கா மில்காள் எழுதுவது.

சமாதானம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் நீ சமாதானமாகவா போனாய்? விடிந்து பார்த்தால் பாய் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருக்கிறது, ஆளைக் காணோம். காலையில் நீ சாப்பிட என்று அப்பமும் அத்திப்பழமும் துணியில் கட்டி வைத்திருந்தேன். அதையும் தொடவில்லை. முப்பது வருஷம் கழித்து வீடு வந்தவன் பத்தே நாளில் திருடனைப் போல வெளியேறினால் அக்காளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

உன் அத்தான் சாதோக் செய்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவர் நிலைமையையும் பார். ஜெப ஆலயத்துச் சுருள்கள் இருக்கும் பெட்டிக்குச் சாவி அவரிடம். யார் உள்ளே வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்று ஊர் அவர் வாயைத்தான் பார்க்கும். அன்றைக்கு ஓய்வுநாள், கூட்டம் வேறு. உன்னை வாசலில் நிறுத்தி, "ஆண்மை வெட்டுப்பட்டவன் கர்த்தரோட சபைக்குள்ள வரக்கூடாதுன்னு மோசே எழுதி வச்சிருக்காருப்பா. நான் என்ன செய்ய?" என்று சொன்னபோது அவர் குரல் நடுங்கியது உனக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது.

திரும்பி நடந்தாய். மத்தியானம் சாப்பிட்டாய். "கொத்தமல்லி கொஞ்சம் கூடுதல்" என்று கூடச் சொன்னாய். கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் நான்.

பண்டிகைக்குப் போகிற வழியில் கள்ளர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. கூட்டத்தில் உன் கையை விட்டவள் நான்தான். ஒருத்தன் தோளில் குரங்கு வைத்திருந்தான், அதைப் பார்க்க விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கிடைத்தவனை மறுபடி விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

கோவேறு கழுதைக்காரன் ஹனான் வடக்கே போகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தானுக்குத் தெரியாது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

மில்காள்


அந்தியோகியா
சிவான் மாதம் 11

அக்காளுக்கு.

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். வேலையும் இருக்கிறது. பணக்காரர் வீட்டு விருந்துகளுக்குச் சமைக்கக் கூப்பிடுகிறார்கள். என் எஜமானி சாகும்போது எனக்கு விடுதலையும் இரண்டு வெண்கல அண்டாக்களும் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டும் உதவுகின்றன.

அத்தான்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசலில் நிறுத்தப்படுவது எனக்குப் பழக்கம். முப்பது வருஷம் அடுத்தவர் அறை வாசலில் நின்றுதானே பிழைத்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தீரு பட்டணத்துச் சந்தையில் என்னை வாங்கியவன் என்னை எந்த வைத்தியனிடம் அனுப்பினான், அவன் என்னை என்ன செய்தான் என்பதை நான் இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொன்னேன். உன் வீட்டு மாடியில், நீ பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது. நான்கு நாள் கழித்து அது அத்தான் வாயிலிருந்து வருகிறது, ஊர் முன்னால். தாடி முளைக்காத முகத்தைப் பார்த்து ஊரே சந்தேகப்பட்டிருக்கும் என்று நீ சொல்லலாம். சந்தேகம் வேறு, தெரிவது வேறு.

அப்போது நீ எனக்கு ஐந்தடி தள்ளி நின்றாய். உன்னைப் பார்த்தேன். நீ முக்காட்டைச் சரிசெய்தாய்.

அவ்வளவுதான். கையை விட்டது பற்றி எழுதியிருந்தாய். நானும்தான் உன் கையை விட்டேன். எனக்கும் குரங்கு பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக நீ இனி அழ வேண்டாம்.

யாக்கீம்


லித்தா
தம்மூஸ் மாதம் 8

தம்பிக்கு.

உன் கடிதத்தை அடுப்படியில் வைத்து நான்கு தடவை படித்தேன். மூன்று தடவை உன்னைத் திட்டினேன். நாலாவது தடவை என்னை.

ஆமாம். நான்தான் சொன்னேன். கணவனிடம் மறைக்கத் தெரியாத வாய் எனக்கு. ஏதோ சொல்லி அழ வேண்டும் போல இருந்தது, அவர்தான் பக்கத்தில் இருந்தார். அவர் அதை மோசே எழுதிய நியாயப்பிரமாணத்தோடு சேர்த்துப் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த மனுஷன் தயிரைக்கூட நியாயப்பிரமாணத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்காட்டைச் சரிசெய்தேன். அதுவும் உண்மை. பக்கத்துவீட்டு எலிசேபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. உன்னைப் பற்றி வெட்கம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் என்னைப் பற்றித்தான். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள். மன்னிக்க முடியாவிட்டால் வைத்திரு, பிறகு மன்னி.

இனி நல்ல சேதி. உன் மருமகள் திர்சாளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது! பையன் சணல்நூல் நெய்கிறவன், பெயர் எல்தாத். குட்டையாக இருப்பான், சிரித்தால் கூரை அதிரும். அடுத்த வருஷம் வாரங்களின் பண்டிகை முடிந்த புதன்கிழமை கல்யாணம். நீ தாய்மாமன். நீ இல்லாமல் அவள் பல்லக்கில் ஏறமாட்டாளாம். அப்படித்தான் அப்பா முன்னால் சொன்னாள். "அம்மா, மாமா வரலன்னா நான் கழுதையில போறேன்" என்று.

அத்தான் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

வா என்று நான் எப்படிக் கூப்பிடுவேன்? வந்தால் மறுபடி அதே வாசல். வராதே என்று எப்படிச் சொல்வேன்? நீயே சொல்.

மில்காள்


அந்தியோகியா
ஆப் மாதம் 15

அக்கா,

திர்சாளுக்கு என் ஆசீர்வாதம். கூரை அதிரச் சிரிக்கிறவன் என்றால் நல்ல பையனாகத்தான் இருப்பான். என் எஜமானி வீட்டில் யாரும் பல் தெரியச் சிரிக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி இப்போது எழுதவில்லை. அதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஆற்றுப் பாலத்தடியில் மெலித்தா என்று ஒரு கிரேக்கப் பெண் மீன் விற்கிறாள். விதவை, வாய் பெரிது, தராசு நேர். விருந்துகளுக்கு அவளிடம்தான் வாங்குவேன். போன வாரம் மீனைச் செதிள் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஓய் சமையல்காரரே, ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறீங்களே, உமக்கு யாரு போடுறா?"

"நானே போட்டுக்கிறேன்" என்றேன்.

"வாரத்து முதல் நாள் சாயங்காலம் எங்க கூட்டத்துக்கு வாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

அவள் சொன்ன கூட்டத்தை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாசரேத்தூர் இயேசுவை மேசியா என்கிறவர்கள். சிலுவையில் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று சொல்கிறவர்கள். தெருவில் அவர்களுக்கு 'கிறிஸ்தவங்க' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மத்தியில் யூதனும் கிரேக்கனும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் ஊருக்குப் பெரிய வேடிக்கை.

நான் மறைக்காமல் சொன்னேன். "அம்மா, நான் வெட்டுப்பட்டவன். என்னை எங்கேயும் சேர்க்க மாட்டாங்க."

அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. "எம்மேல மீன் நாத்தம். அங்க வர்ற அத்தனை பேருமே ஏதோ ஒரு நாத்தத்தோடதான் வர்றாங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சாறு பேருக்கு எடம் இருக்கும், சீக்கிரம் வாங்க."

போனேன். ஒரு சாயக்காரர் வீட்டுக் கூடம். சுவரெல்லாம் நீலக் கறை. கூடம் நிறைய ஆட்கள், நடுவில் கஞ்சிப் பானை. ஆனால் என் கால்கள் இருக்கின்றனவே, அவை வாசற்படியில் தாமாகவே நின்றுவிட்டன. எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகவில்லை.

உள்ளேயிருந்து ஒரு கிழவர் குரல். சிரேனே ஊர்க்காரர், யோதாம் என்று பெயர், நம் ஜனம்தான், பாதிக் கண் தெரியாது. "யாரய்யா அது காத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறது? ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. கஞ்சி ஆறுது!"

நான் அங்கிருந்தபடியே சொன்னேன். நான் யார், எனக்கு என்ன நடந்தது, லித்தாவில் என்னை என்ன சொல்லி நிறுத்தினார்கள் என்று எல்லாவற்றையும். இவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. பிறகு அந்தக் கிழவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை அக்கா. தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவன் சிரிப்பு.

"அப்ப உமக்கு வந்த கடிதாசியை யாருமே உம்மகிட்ட கொடுக்கலையா?" என்றார்.

"எனக்கு எது கடிதம்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தீர்க்கதரிசியின் சுருளில் இருக்கிறதாம். கர்த்தர் சொல்கிறாராம்: வெட்டுப்பட்டவன் தன்னைக் காய்ந்த மரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். என் ஓய்வுநாளைக் காத்து, எனக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொண்டால், என் வீட்டுக்குள்ளேயே, என் சுவர்களுக்குள்ளேயே அவனுக்கு இடம் கொடுப்பேன். மகனும் மகளும் தருகிறதைவிட நல்ல பெயரைக் கொடுப்பேன். அந்தப் பெயர் அழியாது.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். சொன்னார். "இன்னொரு தரம்." அதையும் சொன்னார். "இது எப்ப நடக்கும்னு எங்க அப்பன் பாட்டன் எல்லாம் காத்துக் கெடந்தாங்க. மேசியா வந்தாச்சு, வாசல் தொறந்தாச்சுன்னு நாங்க நம்புறோம். இப்பவாவது உள்ள வர்றீரா?" என்றார்.

உள்ளே எப்படிப் போனேன் என்று நினைவில்லை. உட்கார்ந்திருந்தேன், கையில் கிண்ணம் இருந்தது. ஒரு பக்கம் மெலித்தா, இன்னொரு பக்கம் யாரோ ஒரு அடிமைப் பையன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். பயறு அடிப்பிடித்திருந்தது. அந்த அழுகையிலும் அது தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அங்கே சமையல் என்னுடையது.

ஆனால் அக்கா, எனக்கு ஒரு பயம். கிழவருக்கு என்மேல் இரக்கம் வந்து இட்டுக்கட்டியிருந்தால்? அவர் மனப்பாடமாகத்தான் சொன்னார், சுருளை நான் கண்ணால் பார்க்கவில்லை. அத்தான் பெட்டியில் தீர்க்கதரிசியின் சுருள் இருக்கும். அப்படி ஒரு வரி இருக்கிறதா, கேட்டு எழுது. யார் கேட்டது என்று சொல்லாதே. இல்லை என்றாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

யாக்கீம்


லித்தா
மர்கெஷ்வான் மாதம் 9

தம்பி! தம்பி! தம்பி!

இருக்கிறது! முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன். உன் கடிதம் வருவதற்கே இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஹனானின் கழுதை வழியில் குட்டி போட்டது போலத் தாமதம்.

நீ எழுதியது கிடைத்த அன்று அத்தான் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏங்க, வெட்டுப்பட்டவன் தன்னைக் காஞ்ச மரம்னு சொல்ல வேண்டாம்னு தீர்க்கதரிசி சொல்லியிருக்காராமே?"

"யாரு சொன்னது?"

"யாரோ. இருக்கா, இல்லையா?"

"அப்படியெல்லாம் இருக்காது."

"இருக்காதா, இல்லையா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

"அந்தச் சுருள் எத்தனை முழம் தெரியுமாடி உனக்கு? ஒவ்வொரு வரியா யாரு தேடுறது?"

"சாவி யாரு இடுப்புல இருக்கோ அவரு."

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மூன்று நாள் வேலை முடித்ததும் நேராக ஜெப ஆலயம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறவரை தேடுவார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வந்தார். கால் கழுவவில்லை. தூசிக் காலோடு அப்படியே கூடத்தில் உட்கார்ந்தார்.

"இருக்குடி" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மோசே சொன்னதும் இருக்கு. இதுவும் இருக்கு. ரெண்டும் ஒரே பெட்டியில. இருபது வருஷமா நான்தான் பூட்டித் தொறக்கிறேன். ஒண்ணை மட்டும் எடுத்து உன் தம்பி மேல எறிஞ்சுட்டேன்." பிறகு, "நாசரேத்தூர்க்காரர் மேசியாவா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதுல உன் தம்பியோட நான் சேரமாட்டேன். ஆனா இந்த வரி நம்மளோடது. நம்ம தீர்க்கதரிசி சொன்னது. சிரேனேக்காரன் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதா போச்சு" என்றார்.

"சிரேனேக்காரன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கடிதாசியை மாவுப்பானையில வச்சா நான் ரொட்டி சாப்பிட மாட்டேனா? போகட்டும். நீ அனுப்புற கடிதாசிக்கெல்லாம் அந்தக் கழுதைக்காரன் கூலியை எங்கிட்டத்தான் வாங்குறான்."

எல்லாம் தெரிந்திருக்கிறது, தம்பி! ஆறு மாதமாக நான் இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. போன ஓய்வுநாள். வழக்கமான வாசிப்பு முடிந்தது. எல்லோரும் எழுந்திருக்கப் போகும்போது அத்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தீர்க்கதரிசியின் சுருளை எடுத்து விரித்தார். அந்த இடத்தைப் படித்தார். படித்து முடித்து, நம் பேச்சில் சொன்னார்: "நிசான் மாசத்துல இந்த வாசல்ல ஒருத்தனை நிறுத்தினேன். அவன் என் மச்சினன். பேரு யாக்கீம். இது எனக்கு அன்னைக்கு ஞாபகம் வரல. அவன் உள்ள வந்திருக்கணும்."

பின்வரிசையிலிருந்து கிழவி ஓர்பாள், "சத்தமா சொல்லுய்யா, காது கேக்கல!" என்றாள்.

இரண்டாம் தரம் சொன்னார். சணல் வியாபாரி ஒருத்தன் எழுந்து, "மோசேயை விடப் பெரியவரா தீர்க்கதரிசி?" என்று சண்டைக்கு வந்தான். நாலைந்து பேர் அவனோடு சேர்ந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஓர்பாள் மறுபடி, "என்னது? யாரு உள்ள வந்திருக்கணும்?" என்று கேட்டாள். உன் அத்தான், ஜெபத்தில்கூடக் குரல் உயர்த்தாத மனுஷன், தொண்டை கிழியக் கத்தினார்: "என் மச்சினன் யாக்கீம்! அவன் உள்ள வந்திருக்கணும்!"

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

இந்தத் தடவை நான் முக்காட்டைத் தொடவில்லை. எலிசேபா முகத்தை நேராகப் பார்த்தேன். அவள்தான் தன் முக்காட்டைச் சரிசெய்தாள்.

கல்யாணத்துக்கு வா. கேட்கவில்லை, சொல்கிறேன்.

உன் அக்கா


அந்தியோகியா
ஆதார் மாதம் 20

அக்கா,

மழைக்காலம் முழுவதும் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வழி அடைபட்டதால் பதில் அனுப்ப முடியவில்லை. கூட்டத்தில் யோதாம் கிழவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஓர்பாள் வரும் இடத்தில் அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும், "அந்தக் காது கேக்காத அம்மா வர்ற எடத்தைப் படிங்க" என்கிறார்.

அத்தான் 'மன்னிப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். பரவாயில்லை. மூன்று தரம் ஊர் முன்னால் சொன்னாரே, போதும். மேசியா விஷயத்தில் என்னோடு சேரமாட்டேன் என்கிறார். அதையும் கேட்டுக்கொண்டேன். நான் அவரை இழுக்கப் போவதில்லை. ஆனால் நான் நம்புகிறேன் என்று அவரிடம் சொல். ஒளிக்க மாட்டேன்.

பத்து நாளைக்கு முன் இயேசுவின் பெயரில் ஆற்றில் முழுக்கு எடுத்தேன். மலையில் பனி உருகி வருகிற தண்ணீர் அக்கா! இறங்கியதும் எலும்புகள் எல்லாம் தனித்தனியாகக் கத்தின. என்னோடு சேர்ந்து இறங்கியவர்கள் ஏழு பேர். கரையில் படகுக்காரர்கள், "கிறிஸ்தவங்க குளிக்கிறாங்கடோய், ஆறு அழுக்காயிரும்!" என்று கத்தினார்கள். மெலித்தா கரையிலிருந்தே, "உங்க படகைவிட ஆறு சுத்தமாத்தான்யா இருக்கு!" என்று பதில் கொடுத்தாள். இப்படித்தான் எங்கள் புனித காரியங்கள் நடக்கின்றன.

தண்ணீரில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். எஜமானி வைத்த பெயர் ஒன்று உண்டு, ஏதோ பூவின் பெயர். இருபத்தெட்டு வருஷம் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தேன். அது வாயில் வந்தது. பிறகு, நம் அம்மா சாயங்காலம் தெருவில் நின்று கூப்பிடுவாளே, அந்த மாதிரி என் காதில் கேட்டது. "யாக்கீம்" என்றேன். பல் கிட்டிப்போய் யா-யா-யாக்கீம் என்றுதான் வந்தது.

வெளியே வந்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பல் தெரிய, படகுக்காரன் பயப்படுகிற அளவுக்குச் சிரித்தேன்.

வருகிறேன் அக்கா. கடல் திறந்ததும் முதல் கப்பல். உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. அந்தச் சணல் வியாபாரி இருப்பான். என் கால்கள் மறுபடி நின்றுவிடலாம்.

அதனால் ஒரு விண்ணப்பம். மெலித்தா எருசலேம் தேவாலயத்தை வெளிப்பிராகாரத்தில் நின்றாவது பார்க்க வேண்டும் என்கிறாள். என்னோடு வருகிறாள். "ஒத்தைப் பொம்பளை கப்பல்ல யாரு துணையோட போறது?" என்று கூட்டத்தில் கவலைப்பட்டார்கள். பெண்களுக்குத் துணையாகப் போக என்னைவிடப் பொருத்தமானவன் இந்த ராஜ்யத்தில் உண்டா என்று கேட்டேன். நானே இதைச் சொல்லிச் சிரித்தது எனக்கே ஆச்சரியம்.

ஆனால் அவள் புறஜாதி, நம் ஜனம் இல்லை. கல்யாண வீட்டில் அவளை எங்கே உட்கார வைப்பாய்? வாசலில் என்றால் நானும் அவளோடு வாசலில்தான். முன்கூட்டியே சொல்லிவிடு.

யாக்கீம்


லித்தா
நிசான் மாதம் 25

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஹனான் வாசலில் நின்று கழுதையைவிட அதிகமாக முறைக்கிறான்.

மெலித்தா விஷயத்தை அத்தானிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். பந்தியில் உட்கார வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்களாம். அது நிஜம்தான், அவன் பெரியப்பன் அப்படிப்பட்ட ஆள். நான் சொன்னேன், "அவ என்கூட சமையல்கட்டுல இருக்கட்டும். கல்யாண வீட்டுல யாரு உக்காந்து சாப்பிட்டா?"

"சமைக்கிறதா? புறஜாதி கையாலயா?"

"காய் நறுக்கினா என்ன தீட்டு?"

மறுபடி யோசித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது: "நறுக்கலாம். கழுவலாம். ஆனா அடுப்பை நம்ம ஆளு பத்த வைக்கணும்."

என் வீட்டுக்காரர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், தம்பி. பாதி வழிதான். உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ வாசலில் நிற்கக் கூடாது. சமையல்கட்டு வீட்டின் நட்டநடுவில் இருக்கிறது, மறந்துவிட்டாயா? சமையல் முழுவதும் உன் பொறுப்பு. இருநூறு பேர். பெரியப்பன் அவள் நறுக்கிய வெங்காயத்தைத்தான் தின்று விரலை நக்கப் போகிறான். அதை நானும் அவளும் கதவிடுக்கில் பார்ப்போம்.

கால்கள் நின்றால் நான் தள்ளுகிறேன். கையைப் பிடித்து இழுக்கிறேன். வா.

மில்காள்


யோப்பா துறைமுகம்
தம்மூஸ் மாதம் 4

அக்கா,

காற்று திரும்பவில்லை, கப்பல் நாளைக்குத்தான். இங்கே மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணத்தைப் பற்றி உனக்கு நான் என்ன எழுத? நீ இருந்தாய், ஆடினாய், எல்தாத்தின் பெரியப்பனை ஆடவும் வைத்தாய். நீ கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின ஓய்வுநாள் நீ என் கையைப் பிடித்து வாசல்வரை வந்தாயே, அங்கே என் கால்கள் நிற்கவில்லை. நீ இழுப்பதற்கு முன்பே உள்ளே போய்விட்டேன். உள்ளே பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள், பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். சணல் வியாபாரி வெளியே போனான். ஓர்பாள் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, "இங்க உக்காரு ராசா, வாசிக்கிறதைக் காதுல கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றாள். வாசிப்பு முடியும்வரை அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழ நேரமே கிடைக்கவில்லை.

சரி, இன்றைய சேதிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அத்தான் எங்களைத் துறைமுகம்வரை கொண்டுவிடுகிறேன் என்று வந்தாரே, வழியெல்லாம் எங்களுக்கு முப்பது அடி முன்னால் நடந்தார். மெலித்தா, "உம்ம அத்தானுக்கு நம்மளைக் கண்டா பிடிக்கலையா, இல்ல வழி மறந்துருமோன்னு பயமா?" என்று என்னிடம் கேட்டாள். பாதி வழியில் ஒரு அத்திமரத்தடியில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும், "தண்ணி வேணுமா?" என்றார். தோல்பையை நீட்டினார். நான் குடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பையின் வாயைத் துடைக்காமல் அவரும் அதிலேயே குடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நீ கொத்தமல்லி கூடுதல்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், நீ போயிருவேன்னு. தடுத்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு" என்றார். மறுபடி முப்பது அடி முன்னால் போய்விட்டார்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. ஒரு கல்லில் இடித்துக்கொண்டேன். பெருவிரல் இன்னும் வலிக்கிறது.

யோப்பா வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மெலித்தா நேரே மீனவர்களிடம் போய்ப் பேரம் பேசி, செதிளுள்ள மீனாகப் பார்த்து ஆறு வாங்கி வந்தாள். நம் சட்டம் அவளுக்கு இப்போது மனப்பாடம். மணலில் குழி தோண்டி, விறகு அடுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அத்தானைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"நீங்கதான் பத்த வைக்கணும். நான் தொட மாட்டேன்."

அத்தான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் குந்தி உட்கார்ந்து பற்ற வைத்தார். மூன்று தரம் அணைந்தது. தாடி கொஞ்சம் கருகியது. அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நீ கட்டிக் கொடுத்த ரொட்டியையும் ஒலிவக்காயையும் எடுத்துக்கொண்டு அவர் கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நானும் மெலித்தாவும் மீனைச் சாப்பிட ஆரம்பித்தோம். நான் அவரைக் கூப்பிடவில்லை. இழுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மீன் நன்றாக வெந்திருந்தது. கடல்காற்று அந்த வாசனையை நேரே அவர் பக்கம் கொண்டுபோனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்தார். பிறகு எழுந்து வந்து, தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். அதை நான் வாங்கியதும், மிச்சப் பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் பிய்த்து, மெலித்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் வாய் பேசாமல் இருந்ததை நான் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அவள் ஒரு மீனை இலையோடு அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அத்தான் வானத்தைப் பார்த்து ஜெபம் சொன்னார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஜெபம். பிறகு சாப்பிட்டார், அக்கா. எங்களோடு, ஒரே மணலில், ஒரே நெருப்பைச் சுற்றி. முதல் துண்டை மெதுவாக. இரண்டாவது துண்டை அவ்வளவு மெதுவாக இல்லை. முள்ளைக் கடித்துத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன், வழியில் பிரிக்க மாட்டார். நாளைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பசிக்கல, வழியில ஏதோ சாப்பிட்டேன்" என்பார். என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு என்று கேட்காதே. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவராகச் சொல்கிறவரை பொறுத்திரு.

தாடி கருகியதை மட்டும் வேண்டுமானால் கேள்.

உன் தம்பி
யாக்கீம்